ஆங்கில ஆய்வறிக்கைகளையும் தரக் கையேடுகளையும் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் எப்படிப் பழகுவது?

பல்லடம் ஆய்வகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்தை அடுத்த ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். கல்லூரியில் வேதியியல் ஆங்கிலத்தில்தான் நடந்தது என்றாலும், தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதியதைப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. இதுவரை என் வேலை துணியைத் துவைத்து, தேய்த்து, சாம்பல் அளவுகோலோடு (நிறமாற்றத்துக்கும் கறைக்கும் 5 முதல் 1 வரை தரம் சொல்லும் பட்டை, 5 தான் மிக நல்லது) ஒப்பிட்டு, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதோடு முடிந்துவிடும். தை மாதத்தில் பொறுப்பாளராக இருந்தவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டதால், வெளி ஆய்வகங்களின் அறிக்கைகளைப் படித்து முடிவெடுப்பதும், பையர், அதாவது துணியை வாங்கும் நிறுவனம், அனுப்பும் தரக் கையேட்டைப் பார்த்து விளக்கம் சொல்வதும், புகார் வந்தால் பதில் அறிக்கை எழுதுவதும் என் மேசைக்கு வந்துவிட்டன.

நடந்த ஒன்றைச் சொன்னால் என் நிலைமை விளங்கும். சென்ற மாதம் வந்த ஓர் அறிக்கையின் குறிப்புரையில், லாட் 214, லாட் 217 (லாட் என்பது ஒன்றாகச் சாயமேற்றிய துணித்தொகுதி) இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, சலவைச் சோதனையில் துணியோடு இணைக்கும் பருத்திப் பட்டையின்மேல் ஏறிய கறை ‘4 அண்ட் 2-3 ரெஸ்பெக்டிவ்லி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசிச் சொல்லை மரியாதைக்காகச் சேர்த்த சொல் என்று எண்ணித் தாண்டிவிட்டேன். இரண்டு லாட்டிலுமே சில மாதிரிகள் 4, சில மாதிரிகள் 2-3 என்று பொருள் கொண்டு, இரண்டையும் மறுபடி சோப்பிங்குக்கு, அதாவது ஒட்டாத சாயத்தைச் சோப்புக் கொதிநீரில் கழுவி எடுப்பதற்கு, அனுப்பச் சொன்னேன். 214 நல்ல லாட். கொதிநீரில் இன்னொரு முறை போய் வந்ததில் அதன் ஷேட் வெளுத்து, ஒப்புதல் பெற்ற மாதிரியோடு சேராமல் போய், டாப்பிங் (குறைந்த நிறத்தை ஈடுகட்டும் மேல்சாயம்) போட்டு அதைச் சரிசெய்து எடுப்பதற்குள் ஒரு முழு ஷிப்ட் கழிந்தது.

அதற்குப் பிறகு, நடந்ததை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார்கள். இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மேலாளர் அதை முழுவதும் படித்துவிட்டு, “எல்லாம் சரிங்க, துணி பாஸா, பெயிலா?” என்று கேட்டார்.

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் ஆறு வாரம் மாலையில் போய்ப் பார்த்தேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதையும், பிடித்த பண்டிகையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதையும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ‘அன்லெஸ் அதர்வைஸ் ஸ்பெசிஃபைடு’ என்று தொடங்கும் வாக்கியத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று கேட்டபோது, அதெல்லாம் போகப்போக வந்துவிடும் என்றார்கள். தொலைபேசியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களிடம் பேசுவது எனக்குச் சிக்கலாக இல்லை. தாளில் இருப்பதைச் சரியாகப் படிப்பதும், தாளில் சரியாக எழுதுவதும்தான் வேண்டும். இந்த வழியில் நடந்து வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈரோடு துணி ஆய்வு

வணக்கம் சகோதரி. நானும் தமிழ்வழியில் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் துணிச் சோதனை அறிக்கைகளோடு காலம் கழித்தவன். முதலில் ஓர் ஆறுதல்: நீங்கள் கற்க வேண்டியது ஆங்கிலம் முழுவதையும் அன்று. சோதனை அறிக்கைகளிலும் தர நூல்களிலும் புழங்கும் ஆங்கிலம் மிகச் சிறியது. அதில் உவமை இல்லை, நகைச்சுவை இல்லை, ஒரே சொற்கள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். நாளிதழ் படித்து ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் நாளிதழின் ஆங்கிலம் இதைவிடப் பல மடங்கு கடினமானது.

ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் நூல்களில் நான்கு துணைவினைகளுக்குப் பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ‘ஷல்’ என்று வந்தால் கட்டாயம், அதை மீறினால் சோதனை செல்லாது. ‘ஷுட்’ என்றால் பரிந்துரை. ‘மே’ என்றால் அனுமதி, அதாவது அப்படியும் செய்துகொள்ளலாம். ‘கேன்’ என்றால் இயலும் அல்லது நேரக்கூடும் என்பது மட்டுமே. பள்ளியில் ‘ஷல்’ என்பதை எதிர்காலம் என்று படித்ததை இங்கே மறந்துவிட வேண்டும். உங்கள் கையேட்டின் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, ‘ஷல்’ வரும் இடங்களில் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டுப் பாருங்கள்; அங்கேயெல்லாம் உங்கள் ஆய்வகம் தவறாமல் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கும்.

அடுத்தது, முறை ஒரு நூலிலும் எல்லை இன்னொரு நூலிலும் இருக்கும் என்பது. சலவைச் சாயவுறுதிக்கான (துவைத்தாலும் சாயம் போகாமல் நிற்பதற்கான) ஐஎஸ்ஓ 105-சி06, 100 மில்லிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் அகலமும் உள்ள துண்டை எப்படி வெட்டுவது, பருத்தி முதலிய பல இழைகள் அடுத்தடுத்து உள்ள பலவிழைப் பட்டையை எப்படி இணைப்பது, ஏ2எஸ் என்ற சோதனை வகை என்றால் 40 பாகையில் 30 நிமிடம் பத்து எஃகு உருண்டைகளோடு சுற்றுவது என்றெல்லாம் சொல்லும். கறை 4 வந்தால் தேர்ச்சியா, 3 வந்தால் தேர்ச்சியா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது பையரின் கையேடு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு தர நூலில் தேர்ச்சி எல்லையைத் தேடி நான் தொடக்கத்தில் வீணாக்கிய மாலைப்பொழுதுகள் கொஞ்சநஞ்சம் அல்ல. தர நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கவும் வேண்டாம். எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் ‘ஸ்கோப்’ பகுதியைப் படித்துவிட்டு, நேராகக் கடைசியில் உள்ள ‘டெஸ்ட் ரிப்போர்ட்’ பகுதிக்குப் போங்கள். கடைசியில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று தெரிந்த பிறகு செய்முறையைப் படித்தால், எந்த வரியில் நிற்க வேண்டும், எந்த வரியைத் தாண்டிப் போகலாம் என்பது தானே விளங்கிவிடும்.

சின்னச் சின்னக் குறிகளும் ஆளைக் கவிழ்த்துவிடும். 2-3 என்பது இரண்டிலிருந்து மூன்று வரை என்ற வீச்சு அன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள ஒற்றைப் படி. சாம்பல் அளவுகோலில் 5, 4-5, 4, 3-4 என்று 1 வரை மொத்தம் ஒன்பது படிகள். ஐஎஸ்ஓ நூல்களில் ‘0,5’ என்று கால்புள்ளி இருந்தால் அதை அரை என்றே படிக்க வேண்டும், அவர்கள் தசமப் புள்ளிக்குக் கால்புள்ளிதான் இடுவார்கள். சுருக்கச் சோதனையில் −5 என்றால் துணி சுருங்கியது, +5 என்றால் நீண்டது. ‘நாட் லெஸ் தேன் 4’ என்றால் நான்கும் அதற்கு மேலும். அதைக் கணக்குக் குறியாக ஓரத்தில் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

நீண்ட வாக்கியங்களுக்கு உங்கள் பள்ளித் தமிழ் இலக்கணமே போதும். நம் மொழியில் பெயருக்கு முன்னால் வரும் பெயரெச்சத்தை அவர்கள் ‘விச்’, ‘தட்’ என்று பெயருக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். “60 பாகையில் துவைக்கப்பட்டு நிழலில் உலர்த்தப்பட்ட துணி” என்று நாம் சொல்வதை, அவர்கள் துணியை முதலில் வைத்துவிட்டு, துவைத்ததையும் உலர்த்தியதையும் பிறகு சொல்வார்கள். எனவே எழுவாயையும் முதன்மை வினையையும் பென்சிலால் வட்டமிட்டு, நடுவில் வரும் தொங்கல்களை அடைப்புக்குள் போட்டுவிட்டால், முக்கால் பங்கு வாக்கியங்கள் பிரிந்துவிடும். நீங்கள் கேட்ட ‘அன்லெஸ்’ நம் ‘ஒழிய’ தான். வேறாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய இப்படிச் செய்க என்று படியுங்கள். ‘ரெஸ்பெக்டிவ்லி’ நம் ‘முறையே’. முதல் பெயருக்கு முதல் எண், இரண்டாம் பெயருக்கு இரண்டாம் எண்.

இன்னும் ஒன்று. வெளி ஆய்வக அறிக்கையின் அடியில், இந்த முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு மட்டுமே உரியவை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 கேட்பதால் போடப்படும் வரி அது. அடியில் சிறிய எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை, ஆனால் அறிக்கையின் உயிர் அதில் இருக்கிறது.

அவிநாசி ரோடு

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? கைப்பேசியில் படம் பிடித்தால் தமிழில் மாற்றித் தரும் செயலிகள் வந்துவிட்டன. எழுதுவதையும் தமிழில் எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

ஈரோடு துணி ஆய்வு

பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், நண்பரே. சாயத்தொட்டியில் துணியின் எடைக்கும் கரைசலின் அளவுக்கும் உள்ள விகிதத்தை ‘லிக்கர் ரேஷியோ’ என்போம். எனக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பில் அது மதுபான விகிதம் என்று இருந்தது. அதைப் பார்த்தவுடன் சிரித்துத் திருத்திவிடலாம். ஆனால் ‘ஷல்’, ‘ஷுட்’ இரண்டையும் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லால் மாற்றிவிட்டால், கட்டாயம் எது, பரிந்துரை எது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தெரியாத சொல்லுக்குப் பொருள் பார்க்கச் செயலி உதவட்டும். லாட்டை விடுவதா நிறுத்துவதா என்ற முடிவை அதை நம்பி எடுக்காதீர்கள்.

பீளமேடு ஃபவுண்டரி

படிப்பதைப் பற்றி ஈரோட்டு அண்ணன் நிறைவாகச் சொல்லிவிட்டார். எழுதுவதைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். பம்ப் உறுப்புகளை வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் தரப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் புகாருக்கு, ‘ஆல் காஸ்டிங்ஸ் வேர் செக்டு அண்ட் ஃபவுண்ட் ஓகே’ என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினேன். எத்தனை வார்ப்புகளைப் பார்த்தீர்கள், எந்தக் கருவியால், எந்த எல்லைக்கு எதிராக, எந்தத் தேதியில் என்று நான்கு கேள்விகள் திரும்பி வந்தன. நான் எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, செய்திதான் இல்லை. பிறகு, 400 வார்ப்புகளில் 32 எடுக்கப்பட்டன, உள்விட்டம் மைக்ரோமீட்டரால் அளக்கப்பட்டது, அந்த 32 வார்ப்புகளும் வரைபடத்தின் எல்லைக்குள் இருந்தன என்று எழுதி, அளவுகளை அட்டவணையாக இணைத்து அனுப்பினேன். அதன்பின் கேள்வி வரவில்லை. அந்த வாக்கியங்களில் இருந்த ஆங்கிலம் எட்டாம் வகுப்பு ஆங்கிலம்தான்.

அன்றிலிருந்து நான் அட்டவணையை வரையாமல் ஒரு வாக்கியம்கூட எழுதுவதில்லை. என்ன கேட்கப்பட்டது, என்ன வந்தது, வேறுபாடு எவ்வளவு என்று மூன்று நெடுவரிசைகள் வரைந்துவிட்டால், வாக்கியங்கள் அட்டவணையிலிருந்து தாமே இறங்கி வரும். தமிழில் முழுமையாக எழுதிக்கொண்டு பிறகு மொழிபெயர்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. நாம் ‘துணியை எடுத்து, துவைத்து, உலர்த்தி, அளந்து பார்த்ததில் குறைந்திருந்தது’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். யார் எடுத்தது, எது குறைந்தது என்று சொல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலம் அப்படி நிற்காது. ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் கேட்கும். நம் கோவையை அப்படியே மாற்றினால், ஆறு ‘அண்ட்’ போட்ட வாக்கியம் ஒன்று பிறந்து, கடைசியில் குறைந்தது துணியா, நீளமா, சாயமா என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும். அதனால் ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ததை இறந்தகாலத்தில் எழுதுங்கள், அட்டவணை காட்டுவதையும் தர நூல் சொல்வதையும் நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘ஏ’, ‘தி’ தவறினால் யாரும் உங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பப் போவதில்லை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் சில சொற்கள் கடல் கடந்தால் வேறு பொருள் தரும். விளக்கம் கேட்க நினைத்து ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ரிசல்ட்’ என்று எழுதினால், உங்கள் முடிவை நான் நம்பவில்லை என்று அவர்கள் படிப்பார்கள். எனக்கு அப்படி ஒரு மனத்தாங்கலே வந்தது. ‘கொஸ்டியன்’ என்று எழுதுங்கள். ‘டூ தி நீட்ஃபுல்’ என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, எனவே செய்ய வேண்டியதையே எழுதிவிடுங்கள்.

காரணம் எழுதும் இடத்தில் ‘ஹியூமன் எரர்’ என்று போட்டு முடிக்காதீர்கள். எந்த ஆடிட்டரும் அதை ஏற்க மாட்டார். ஆள் தவறினார் என்றால் அவரைத் தவறவிட்டது எது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

கோபி நூலகம்

வணக்கம் அம்மணி. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன். நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சாயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நோக்கு நூல்களைப் புரட்டத் தெரியும். பொருள் புதிதாகவும் மொழியும் புதிதாகவும் இருக்கும்போது இரண்டோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டக் கூடாது. பொருளை முதலில் தமிழில் தெரிந்துகொண்டுவிட்டால், ஆங்கிலப் பக்கத்தில் தெரியாத சொற்கள் இருந்தாலும் அவை என்னவாக இருக்கும் என்பது இடத்தைப் பார்த்தே விளங்கும். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கிறது. செய்திகள் பழையவைதான், ஆனால் ஒரு வேதியியல் கட்டுரையை அதில் படித்துவிட்டு அதே தலைப்பை ஆங்கிலக் களஞ்சியத்தில் படித்துப் பாருங்கள், பாதிச் சொற்கள் தெரிந்தவர்களைப் போல முகம் காட்டும்.

உங்களிடம் உள்ள கையேட்டையும் கதைப் புத்தகம் போல் படிக்காதீர்கள். பொருளடக்கம், சொல்விளக்கம், கடைசியில் உள்ள அகரவரிசை ஆகிய மூன்றும்தான் அதன் வாசல்கள். சுருக்கக் குறிகளையும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ.இ.’ என்றால் அதாவது, ‘இ.ஜி.’ என்றால் எடுத்துக்காட்டாக. முதலாவது வந்தால் சொன்னது மட்டும்தான், இரண்டாவது வந்தால் சொல்லாததும் சேரும். சாயங்களின் பெயரோ வேதிப்பொருள்களின் பெயரோ அதற்குப் பின்னால் வரும்போது, இந்த வேறுபாடு உங்கள் வேலையில் பெரியது என்று நினைக்கிறேன். ‘வைடு’ என்றால் காண்க. இது நம் நாட்டு அலுவலகங்களில்தான் மிகுதி.

எழுதுவதற்குப் பீளமேட்டுத் தம்பி சொன்னவை நல்ல வழிகள். ஆனால் தமிழை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்வதை நான் ஒப்பவில்லை. மொழிபெயர்க்க வேண்டாம் என்பது சரி. எழுத உட்காரும் முன், பக்கத்து மேசையில் இருப்பவரிடம் “என்ன ஆச்சுங்க?” என்ற கேள்விக்குச் சொல்வது போல ஒரு வரியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வரி வரவில்லை என்றால் உங்கள் குறை ஆங்கிலத்தில் இல்லை, செய்தி இன்னும் உங்களுக்கே தெளியவில்லை என்று பொருள். மேலாளர் கேட்ட கேள்விக்கான விடை அந்த வரிதான். அதுவே அறிக்கையின் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் துறையின் முன்னோடி சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்துக்குச் சொன்னார், அறிக்கைக்கும் பொருந்துகிறது.

எழுதி முடித்த பிறகு திருத்துவதற்கு வெளியூரிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. பவணந்தியார் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். (பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவருடைய ஊர் என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள், எனக்கும் அப்படி நம்பத்தான் விருப்பம்.) தேதியையும் எண்ணிக்கையையும் விட்டுவிட்டால் அது குன்றக் கூறல். நிறுவனத்தின் பெருமையை முதல் பத்தியில் எழுதினால் மிகைபடக் கூறல். அட்டவணையில் இருப்பதையே கீழே மறுபடி எழுதுவது கூறியது கூறல். முதல் பக்கத்தில் 4 என்றும் மூன்றாம் பக்கத்தில் 3-4 என்றும் இருந்தால் மாறுகொளக் கூறல். சாயத்தைப் பற்றிக் கேட்டிருக்கக் கொதிகலனின் வரலாற்றைச் சொல்வது மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கிக் கடைசியில் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஓய்ந்துபோவது சென்று தேய்ந்து இறுதல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு லாட்டையும் இரண்டு தரத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துக் கடைசியில் ‘முறையே’ என்று எழுதியவர் செய்ததற்குப் பெயர் மயங்க வைத்தல். லாட்டுக்கு ஒரு வரியாக இரண்டு வரி எழுதியிருந்தால் உங்கள் ஷிப்ட் போயிருக்காது. எல்லாப் பழியையும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம், அம்மணி.

பல்லடம் ஆய்வகம்

அனைவருக்கும் மிகுந்த நன்றி. இந்த ஒரு வாரத்தில் இரண்டு வேலைகள் செய்தேன். எங்கள் கோப்பில் இருந்த பழைய அறிக்கைகளில் பன்னிரண்டை எடுத்து, ஐயா சொன்னபடி எழுவாயையும் வினையையும் வட்டமிட்டுப் படித்தேன். ஏழாவது அறிக்கைக்கு மேல் புதிய சொல் அநேகமாக எதுவுமே வரவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. திரும்பத் திரும்ப வந்தவற்றை எழுதிப் பார்த்ததில் பள்ளி நோட்டில் நான்கு பக்கம்தான் ஆகியிருக்கிறது.

பிறகு அந்தப் பழைய அறிக்கையைத் திரும்ப எழுதினேன். முதலில் எழுதியது ‘வித் ரெஃபரன்ஸ் டு தி அபோவ்’ என்று தொடங்கி, தரத்துக்கு நாங்கள் தரும் முக்கியத்துவத்தைப் பேசி, நீராவியைப் பற்றி விரித்து, இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் 217 என்ற எண்ணுக்கே வந்திருந்தது. நூலகர் ஐயா சொன்ன குற்றங்களில் குறைந்தது ஐந்து அதில் இருக்கும். இப்போது முதல் வரி, ‘லாட் 214 பாஸ்டு. லாட் 217 ஃபெயில்டு.’ அடுத்து அட்டவணை: கையேடு கேட்பது கறை 4, 214இல் வந்தது 4, 217இல் வந்தது 2-3. அதன்பின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வாக்கியமாக எழுதியிருக்கிறேன். 217க்கான சோப்பிங் 95 பாகையில் நடக்க வேண்டும். இயந்திரத்தின் பதிவுத்தாள் 78 பாகையைக் காட்டுகிறது. அந்த நேரத்தில் கொதிகலனில் அழுத்தம் குறைந்திருந்தது. 95 பாகையில் மறுபடி சோப்பிங் செய்த பிறகு அதே லாட்டின் மாதிரி 4 வந்தது. நாரோடு பிணையாமல் துணியில் தங்கியிருந்த சாயம் முழுமையாகக் கழுவப்படாததே காரணம் என்பதை இது நிரூபிக்கிறது என்று, ‘திஸ் ப்ரூவ்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன்.

214ஐ ஏன் மறுபடி சோப்பிங்குக்கு அனுப்பினோம் என்ற இடத்தில் முதலில் ‘ஹியூமன் எரர்’ என்றுதான் கை போனது. அழித்துவிட்டு, அறிக்கையின் குறிப்புரை தவறாகப் படிக்கப்பட்டது, இனி ஒவ்வொரு லாட்டின் தரத்தையும் தனித்தனி வரியில் பதிவேட்டில் எடுத்தெழுதி, இரண்டாவது ஆள் கையொப்பமிட்ட பிறகே மறுசெயலுக்கு அனுப்பப்படும் என்று எழுதினேன். முழுவதும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. மேலாளரிடம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணில் படும் பிழைகளைச் சொல்லுங்கள்.

ஈரோடு துணி ஆய்வு

நன்றாக வந்திருக்கிறது சகோதரி. இரண்டு இடங்களில் மட்டும் கை வையுங்கள். ‘ப்ரூவ்ஸ்’ என்பது பெரிய சொல். ஒரு லாட்டில் ஒரு மறுசோதனை நிரூபணம் ஆகாது. ‘இஸ் கன்சிஸ்டன்ட் வித்’ என்று எழுதினால், நீங்கள் சொல்லும் காரணத்தோடு இது ஒத்துப்போகிறது என்ற அளவில் நிற்கும். சான்று எவ்வளவோ, சொல்லும் அவ்வளவே இருக்கட்டும்.

இரண்டாவது, முதல் வரியே. 214க்கு 4 வந்தது எப்போது? மறு சோப்பிங்குக்கும் டாப்பிங்குக்கும் முன்னால். டாப்பிங் போட்ட பிறகு அதன்மேல் புதிய சாயம் ஏறியிருக்கிறது, அது இப்போது வேறு துணி. அறிக்கையின் அடியில் உள்ள சிறிய எழுத்து வரியைப் பற்றி முன்பே சொன்னேனே, சோதித்த மாதிரிக்குத்தான் அந்த 4 சொந்தம். மறுபடி சோதிக்காமல் ‘பாஸ்டு’ என்று எழுதினால், இலக்கணம் சரியாக இருக்கும், அறிக்கை தவறாக இருக்கும்.

பல்லடம் ஆய்வகம்

அது என் கண்ணில் படவே இல்லை, ஐயா. 214 இன்னும் கட்டிங்குக்குப் போகவில்லை, நல்ல வேளை. மாதிரி வெட்டி இன்று மாலை வண்டியில் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதல் வரியை இப்போதைக்கு ‘லாட் 214: ரீடெஸ்ட் பெண்டிங்’ என்று மாற்றி வைத்திருக்கிறேன்.